பாடம் பிடித்திருந்ததா, பதிந்ததா?



மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். அம்மா வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கிறார். வாசற்படியில் நான்காம் ஆண்டு படிக்கும் மகன் அப்பாவின் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் அனுப்பிய கணிதப் பாடம் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டமான ரொட்டி ஒன்றை இரண்டாக வெட்டுகிறார்கள், நான்காக வெட்டுகிறார்கள். வண்ண வண்ணமாக எண்கள் வந்து நிற்கின்றன. பின்னணியில் இசை ஒலிக்கிறது. பாடம் முடிகிறது.

“என்ன ஐயா, பாடம் எப்படி இருந்துச்சு?” என்று அம்மா கேட்கிறார்.

“நல்லா இருந்துச்சும்மா. எல்லாம் புரிஞ்சிருச்சு” என்கிறான் பையன்.

அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. மறுநாள் வகுப்பில் ஆசிரியர், “அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு?” என்று கேட்கிறார். பையன் மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டுகிறான்; கீழே இருக்கும் இரண்டையும் நான்கையும் கூட்டுகிறான். “ஆறில் இரண்டு, சார்” என்கிறான். விடை தவறு.

பையன் அம்மாவிடம் பொய் சொன்னானா? இல்லை. பாடம் அவனுக்குப் பிடித்திருந்தது உண்மை. புரிந்துவிட்டது என்று அவன் நம்பியதும் உண்மை. ஆனால் பாடம் பிடிப்பது வேறு, பாடம் பதிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் இன்றைய உரையில் நாம் சிந்திக்கப் போகிறோம்.

படத்தைக் காட்டிப் பாடம் சொல்வது நமக்குப் புதியதன்று. நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 1972ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டில், வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்காகத் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. ஆனால் அந்நாளில் தொலைக்காட்சிப் பாடத்துக்குக் குறித்த நேரம் உண்டு. அந்த நேரத்தில் பெட்டியின் முன்னால் இருந்தால்தான் பாடம். மழை பெய்து பள்ளிக்கு வர முடியாமற்போன பிள்ளைக்கும், காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் அந்தப் பாடம் போனது போனதுதான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் வீட்டில் இருந்தபடியே பாடங்களைப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினார்கள். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் கல்வி அமைச்சு ‘டிடிக் டிவி’ என்னும் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தக் கெட்ட காலம் கடந்து, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் காணொளிப் பாடம் திரும்பிப் போகவில்லை. நம் வீட்டுக் கைத்தொலைபேசியிலேயே தங்கிவிட்டது.

இப்போது பல ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பகுதியைப் பிள்ளை வீட்டில் காணொளியில் பார்க்கிறது. மறு பகுதியை வகுப்பில் ஆசிரியரோடு செய்கிறது. இதற்குக் கலப்பு முறைக் கல்வி என்று பெயர். அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊறினாலும், இரண்டும் சேர்ந்து அரைபட்டால்தானே தோசை? அதுபோலத்தான் இதுவும். வீட்டுக் காணொளியும் வகுப்புப் பாடமும் ஒன்றோடு ஒன்று கலக்க வேண்டும். தனித்தனியே கிடந்தால் அதற்குக் கலப்பு என்ற பெயர் பொருந்தாது.

இந்த முறை பரவியதற்கு ஒரு சிறிய கதை உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஊட்லண்ட் பார்க் என்று ஓர் ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஜானதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இருவர் வேதியியல் ஆசிரியர்களாக இருந்தார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்காக வெளியூர் போகும் மாணவர்கள் அடிக்கடி பாடத்தைத் தவறவிட்டார்கள். 2007ஆம் ஆண்டில் இவ்விருவரும் தங்கள் பாடங்களைப் பதிவு செய்து வைத்தார்கள். வராத மாணவர்களுக்காகச் செய்ததை வந்த மாணவர்களும் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது ஆசிரியர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. விளக்கத்தை வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். வீட்டுப் பாடமாகக் கொடுக்கும் கணக்குகளை வகுப்பில் நம் கண் முன்னால் செய்யட்டும் என்று மாற்றி அமைத்தார்கள். கணக்கில் தடுமாறும் நேரத்தில் ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

சரி, மாணவர்களுக்குக் காணொளிப் பாடம் ஏன் பிடிக்கிறது?

முதற்காரணம், அதை நிறுத்தலாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில், “சார், எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் துணிவு வருவதில்லை. கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம். காணொளியிடம் கூச்சம் இல்லை. பத்து முறை கேட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. சல்மான் கான் என்பவரைப் பற்றி நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். அவர் 2004ஆம் ஆண்டில் தொலைவில் இருந்த தம் உறவுக்காரப் பெண்ணுக்குக் கணிதம் சொல்லித்தரத் தொடங்கினார். பிறகு 2006ஆம் ஆண்டில் பாடங்களைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார். அவருடைய உறவுக்காரப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நேரில் பேசும் அண்ணனை விடப் பதிவில் வரும் அண்ணனே மேல் என்றார்கள்! நிறுத்தலாம், திருப்பலாம், மறந்துபோன பழைய பாடத்தை வெட்கமில்லாமல் மறுபடி பார்க்கலாம் என்பதே அவர்கள் சொன்னதன் பொருள்.

இரண்டாவது காரணம், கண்ணுக்குத் தெரியாததை அது காட்டும். இதயத்துக்குள் இரத்தம் ஓடுவதையும், விதைக்குள் முளை அசைவதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது கடினம். படம் அதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

மூன்றாவது காரணம், தவறிய பாடம் தவறியதாகவே போய்விடுவதில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக ஒரு நாள் வீட்டில் நின்ற பிள்ளையும் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

இனி, பிள்ளைகளுக்குப் பிடிக்காதது எது என்றும் பார்க்க வேண்டும். நீளம் பிடிப்பதில்லை. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இணையவழிப் பாடங்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. நான்கு பாடத்திட்டங்கள், 862 காணொளிகள். மாணவர்கள் பார்த்த தடவைகளோ 69 லட்சம். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பாதி மாணவர்கள் ஆறு நிமிடத்தைத் தாண்டி நீடிக்கவில்லை என்று அதில் தெரிந்தது. பெரிய கூடத்தில் பேசியதை அப்படியே படம் பிடித்துப் போட்டதை விட, ஆசிரியர் தம் மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் பேசிய பாடங்களை மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். எழுதிய பக்கத்தை அசையாமல் காட்டுவதை விட, கையால் எழுதிக்கொண்டே விளக்குவது அவர்களை ஈர்த்தது. ஆக, பெரும்பணம் செலவழித்து எடுத்த படம்தான் பிள்ளையைக் கவரும் என்பதில்லை. தனக்குத் தெரிந்த ஒருவர் தன்னிடமே பேசுவதுபோல் இருந்தால் பிள்ளை உட்கார்ந்து கேட்கும். நம் பள்ளி ஆசிரியர் தம் குரலில் பதிவு செய்த எளிய பாடத்துக்கு அந்த மதிப்பு உண்டு.

இவ்வளவும் மனநிறைவைப் பற்றிய செய்தி. பிள்ளை விரும்பிப் பார்த்தது, நல்லது. விரும்பாத பாடத்தைப் பிள்ளை திறந்தே பார்க்காது. ஆகவே மனநிறைவை நாம் இளக்காரமாக நினைக்கக் கூடாது. ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. ஏன் என்று இப்போது சொல்கிறோம்.

2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று நிறம் கலந்த பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டைப் பூனைகளாக இருப்பது ஏன் என்பதுதான் பாடம். ஒரே ஆசிரியை, ஒரே பாடம், ஒரே சொற்கள். ஆனால் இரண்டு காணொளிகள். ஒன்றில் ஆசிரியை நிமிர்ந்து நின்று, மாணவர் முகத்தைப் பார்த்து, தடுமாற்றமில்லாமல் பேசுகிறார். மற்றொன்றில் குனிந்துகொண்டு, தாளைப் பார்த்துத் திக்கித் திக்கி வாசிக்கிறார். ஒரு பிரிவு மாணவர்களுக்கு முதல் காணொளி. மற்றொரு பிரிவுக்கு இரண்டாவது.

“இந்தப் பாடம் உங்களுக்கு எவ்வளவு நினைவில் இருக்கும்?” என்று கேட்டார்கள். நன்றாகப் பேசிய ஆசிரியையைப் பார்த்தவர்கள், தங்களுக்கு நிறைய நினைவில் இருக்கும் என்றார்கள். திக்கிப் பேசியவரைப் பார்த்தவர்கள், கொஞ்சந்தான் இருக்கும் என்றார்கள். பிறகு சோதனை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நினைவில் வைத்திருந்தார்கள்! சரளமான பேச்சு மாணவர்களின் நம்பிக்கையைக் கூட்டியது. நினைவைக் கூட்டவில்லை.

2019ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கு மறுபக்கம் தெரிந்தது. அது காணொளி அன்று, நேரடி வகுப்பு. இயற்பியல் மாணவர்களில் ஒரு பிரிவினர் தேர்ந்த ஆசிரியரின் விரிவுரையைக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் அதே பாடத்தைத் தாங்களே கணக்குப் போட்டு, கூடிப் பேசி, தட்டுத் தடுமாறிக் கற்றார்கள். சோதனையில் கூடுதல் புள்ளி பெற்றவர்கள் தட்டுத் தடுமாறியவர்கள்தாம். ஆனால், “நாங்கள் நிறையக் கற்றோம்” என்று சொன்னவர்களோ சும்மா உட்கார்ந்து கேட்டவர்கள்! உழைத்துக் கற்றவர்களுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே தோன்றியது.

இது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியாத செய்தி அன்று. கை தேர்ந்த ஒருவர் மரம் சீவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். உளி பட்டையில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரே சீராகச் சுருள் விழும். பால் கோடு பிடித்து இறங்கி மங்கில் சொட்டும். “இவ்வளவுதானா? நானும் சீவுவேன்” என்று யாருக்கும் தோன்றும். உளியைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். எவ்வளவு ஆழம் என்பதைக் கண் சொல்லித்தராது. கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். தவறிச் சீவி, திட்டு வாங்கி, மறுபடி சீவித்தான் கை படியும்.

கல்வியும் அப்படித்தான். காணொளியில் கணக்குப் போடுபவர் கை தேர்ந்தவர். அவர் போடும்போது கணக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். பார்க்கிற பிள்ளைக்கு, தானே போட்டதுபோல் ஒரு நிறைவு வரும். அந்த நிறைவை நம்பி, பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டால் அங்கேதான் ஆபத்து. நாம் நம் பிள்ளைகளைத் தோட்டத்து வேலையிலிருந்து வேறு வாழ்வுக்கு அனுப்பப் பாடுபடுகிறோம். தோட்டத்தை விட்டு வெளியேறி வேறு குடியிருப்புகளில் வாழ்வோருக்கும் பிள்ளையின் படிப்புதான் கையில் உள்ள முதல். புரிந்தது என்று நினைத்துக்கொண்டே ஆறாண்டு கடந்து, இடைநிலைப்பள்ளியில் போய் முதல் தேர்வில் விழுகிற பிள்ளைக்கு, எங்கே தவறியது என்றே தெரிவதில்லை. ‘நமக்குப் படிப்பு வராது’ என்று அது முடிவு கட்டிவிடுகிறது. ஒரு சின்னக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு இது.

அப்படியானால் காணொளியால் பயனில்லையா? பயன் உண்டு. எப்படிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டிலேயே வெளிவந்த இன்னோர் ஆய்வைக் கேளுங்கள். 21 நிமிடக் காணொளிப் பாடம் ஒன்றை நான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு துண்டு முடிந்ததும் அந்தப் பாடத்திலிருந்து சில கேள்விகள் கேட்டார்கள். மற்றவர்களை அவ்வாறு கேட்கவில்லை. கேள்வி கேட்கப்பட்டவர்களின் மனம் வேறு பக்கம் அலைவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவர்கள் கூடுதலாகக் குறிப்பெழுதினார்கள். கடைசிச் சோதனையில் நன்றாகவும் செய்தார்கள். பாடம் மாறவில்லை, படம் மாறவில்லை. நடுவில் நிறுத்திக் கேட்டதுதான் மாற்றம்.

வகுப்பும் இணையமும் கலந்த கல்வியைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கக் கல்வித்துறை 2010ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கலப்பு முறையில் படித்தவர்கள் வகுப்பில் மட்டும் படித்தவர்களை விடச் சராசரியாகச் சற்றே நன்றாகச் செய்திருந்தார்கள். ஆனால் அந்த அறிக்கையே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொன்னது. கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் கிடைத்திருந்தன. ஆகவே இந்த முன்னேற்றத்தைக் கருவியின் பெருமை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதே அது. பிள்ளை பாடத்தோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறது என்பதுதான் கணக்கு.

இனிப் பெற்றோர்களாகிய நாம் என்ன செய்யலாம்? “எங்களுக்கே படிப்பு இல்லையே, நாங்கள் என்ன சொல்லித்தர முடியும்?” என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. சொல்லித்தர வேண்டாம், கேட்டால் போதும்.

முதலாவதாக, காணொளியை ஒரே மூச்சில் பார்க்க விடாதீர்கள். ஐந்து நிமிடம் ஓடியதும் நிறுத்தச் சொல்லுங்கள். “இப்ப என்ன சொன்னாங்க, எனக்குச் சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாம். பிள்ளை தன் சொல்லில் சொல்லட்டும். தடுமாறினால் திட்ட வேண்டாம். “திருப்பிப் போட்டுப் பாரு ஐயா” என்று சொன்னால் போதும். எங்கே தடுமாறுகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்வதுதான் கற்றலின் தொடக்கம்.

இரண்டாவதாக, பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். காணொளியில் கணக்குத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, பிள்ளை தானே முதலில் போட்டுப் பார்க்கட்டும். பிறகு ஓட விட்டு விடையைச் சரிபார்க்கட்டும். தவறாகப் போட்டதை அழிக்க வேண்டாம். மறுநாள் ஆசிரியரிடம் காட்டுவதற்கு அந்தத் தவறுதான் நல்ல கேள்வி.

மூன்றாவதாக, மறுநாள் மாலையில் கைத்தொலைபேசி இல்லாமல் கேட்டுப் பாருங்கள். “நேத்துப் பார்த்த பாடத்துல என்ன இருந்துச்சு?” என்ற ஒரே கேள்வி போதும். நேற்று இருந்து இன்று இல்லாதது எதுவோ, அதை மறுபடி பார்க்கட்டும்.

நான்காவதாக, வீட்டில் ஒரே கைத்தொலைபேசியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால், நேரத்தைப் பங்கு வைத்துக் கொடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் மூத்த பிள்ளைக்கே எல்லா நேரமும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலவச இணையம் கிடைக்கும் இடத்துக்குப் போகும்போது பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டால், வீட்டில் டேட்டாவுக்குப் பணம் செலவாகாது. இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்தால், ஒன்றாக உட்கார வைத்துப் பார்க்கச் செய்யலாம். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள். கருவி குறைவாக இருப்பதிலும் இப்படி ஒரு நன்மையைத் தேடிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, மிகவும் முக்கியமானது. பாடத்தைப் பார்க்க முடியாமற்போனால் அதைப் பள்ளிக்குத் தெரிவியுங்கள். இதைச் சற்று விளக்க வேண்டும். காணொளிப் பாடம் எப்படி இருந்தது என்று பள்ளிகள் சிலவேளை மாணவர்களிடம் கருத்துக் கேட்பதுண்டு. ‘மிகவும் பிடித்தது, பிடித்தது, பிடிக்கவில்லை’ என்று படிவம் வரும். அந்தப் படிவமும் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் வரும். காணொளியைப் பார்க்க வசதியில்லாத பிள்ளை அந்தப் படிவத்தையும் பார்ப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையில் அந்தப் பிள்ளை சேராது. பார்த்த முப்பது பேரில் இருபத்தேழு பேர் ‘பிடித்தது’ என்று எழுதினால், வகுப்பே மனநிறைவோடு இருப்பதாகத் தோன்றும். பார்க்காத பத்துப் பேரின் மௌனம் கணக்கில் வராது.

இது கற்பனைக் கவலை அன்று. 2020ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு, ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்களைப் பற்றி அவர்களுடைய பெற்றோரிடம் விசாரித்தது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டில் சபா மாநிலத்தில் ஒரு மாணவி, இணையத் தொடர்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக மரத்தின் மேல் ஏறி, அங்கேயே தங்கி, பல்கலைக்கழகத் தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. அன்றிலிருந்து நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் மேட்டின் மறுபக்கத்தில் தொடர்பு கிடைக்காத தோட்டங்கள் இன்றும் உண்டு என்பதை அங்கு வாழ்வோர் அறிவார்கள்.

ஆகவே, தாய்மார்களே, வெட்கப்படாதீர்கள். “சார், எங்க வீட்டுல இந்த வாரம் டேட்டா இல்ல. பிள்ளை பாடம் பார்க்கல” என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. சொன்னால்தான் ஆசிரியர் அதே பாடத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கவோ, பள்ளி முடிந்தபின் அங்கேயே காட்டவோ வழி தேடுவார். சொல்லாவிட்டால், ‘பிள்ளைக்கு அக்கறையில்லை’ என்று எண்ணிவிடுவார். வசதியின்மை அக்கறையின்மையாகத் தோன்றக் கூடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். காணொளியை அனுப்பியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மறுநாள் வகுப்பு அந்தக் காணொளியிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு கேள்வி கேட்டால், பார்த்தவர் யார், பார்த்தும் புரியாதவர் யார், பார்க்கவே முடியாதவர் யார் என்று தெரிந்துவிடும். வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்றால், அடுத்த காணொளியைப் பிள்ளை திறக்காது. ‘பிடித்ததா?’ என்று கேட்கும் படிவத்தில், ‘எந்த இடத்தில் நிறுத்தித் திருப்பிப் பார்த்தாய்?’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், பிள்ளைகளின் விடைகள் உங்கள் அடுத்த பாடத்துக்கு வழிகாட்டும்.

நேயர்களே, மீண்டும் அந்த வாசற்படிக்கு வருவோம். ‘அரையும் காலும் ஆறில் இரண்டு’ என்று சொல்லிவிட்டு வந்த பையன் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறான். அம்மாவுக்குப் பின்னக் கணக்குத் தெரியாது. ஆனால் தோசைக் கல் அடுப்பில் இருக்கிறது. சுட்ட தோசை ஒன்றைத் தட்டில் போட்டு, அரையாகக் கிழிக்கிறார். மறு பாதியையும் இரண்டாக்கி, அதில் ஒரு துண்டை எடுத்து முதற்பாதியோடு சேர்த்து வைக்கிறார்.

“பாரு ஐயா. அரையோட காலைச் சேர்த்திருக்கேன். இது இப்ப அரையை விடக் கூடுதலா, குறைவா?”

“கூடுதல்மா.”

“நீ வகுப்புல சொன்ன ஆறுல ரெண்டு, அரையை விடக் கூடுதலா, குறைவா?”

பையன் யோசிக்கிறான். ஆறில் மூன்றுதானே பாதி? அப்படியென்றால் ஆறில் இரண்டு பாதியை விடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் குறையுமா? தன் விடை எங்கே தவறியது என்று அவனுக்கே பிடிபடுகிறது. தட்டில் இருக்கும் துண்டுகளை எண்ணிப் பார்க்கிறான். பாதிக்குள் இரண்டு கால். அதோடு ஒரு கால். மொத்தம் மூன்று கால். “முக்கால்மா!” என்கிறான். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, அந்தப் பழைய காணொளியை மறுபடி போடுகிறான். அதே ரொட்டி, அதே வண்ணம், அதே இசை. ஆனால் இந்த முறை அவன் நடுவில் நிறுத்துகிறான், நோட்டை எடுக்கிறான்.

இப்போது அம்மா, “பாடம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், “கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சும்மா. ஆனா எனக்கு வருது” என்று அவன் சொல்லக்கூடும். நேயர்களே, ‘நல்லா இருந்துச்சு’ என்பதை விட அந்த விடையைக் கேட்டுத்தான் நாம் மகிழ வேண்டும்.

இன்று மாலை உங்கள் பிள்ளை காணொளிப் பாடம் பார்த்து முடித்ததும், “பிடிச்சிருந்துச்சா?” என்று கேளுங்கள். அதோடு நின்றுவிடாமல், “எனக்குச் சொல்லிக் கொடு பார்ப்போம்” என்றும் கேளுங்கள். மீண்டும் அடுத்த உரையில் சந்திப்போம்.